இணைப்பிடி

சொர்ணலதாவும் கருணாகரனும் பிப்ரவரியில் விவாகரத்து பெற்றார்கள். மார்ச்சில் மாநிலக் கலப்பு இரட்டையர் ஷட்டில் போட்டிக்குச் சேர்ந்தே பெயர் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் தூத்துக்குடியில் அவர்களை விட்டால் ஆள் கிடையாது. பதினோரு வருடமாகச் சேர்ந்து ஆடியவர்கள். கல்யாணத்தைக் கைவிட இருவருக்கும் மனம் வந்தது. ஆட்டத்தைக் கைவிட வரவில்லை.

சொர்ணலதா பல் மருத்துவர். பகல் முழுக்க, வாயைத் திறந்து வைத்திருந்தும் பதில் சொல்ல முடியாதவர்களோடு பேசுவாள். வீட்டுக்கு வந்தால், வாயை மூடி வைத்துக்கொண்டு பதில் சொல்லாத ஒருவன். கருணாகரனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. தரையிலிருந்து பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, முப்பது டன் பெட்டியை முட்டையை வைப்பதுபோலக் கப்பலில் வைப்பான். அங்கே பேச யாரும் இல்லை. அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது, அதுதான் பிரச்சினையே என்று சொர்ணலதா நீதிமன்றத்தில் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்று அழைத்து வந்தவள், தீர்ப்பு வந்த மறுநாள் ‘நீ’ என்று மாற்றிக்கொண்டாள். விவாகரத்தில் அவள் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் அந்த ‘நீ’யைச் சொல்லவும் சந்தர்ப்பம் அமையவில்லை. முதலில் பேசுவது யார் என்பதில் இரண்டு பேரும் வீம்பாக இருந்தார்கள். இரட்டையர் ஆட்டத்தில் நடுவே வரும் பந்துக்கு ‘என்னோடது’ என்றோ ‘விடு’ என்றோ ஒருவர் கத்தியாக வேண்டும். மாவட்டப் போட்டியில் ஒருவரும் கத்தவில்லை. இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். கருணாகரனின் மட்டை சொர்ணலதாவின் இடது புருவத்தில் இறங்கியது. மூன்று தையல்.

மறுநாள் அந்தத் தையலோடு அவள் கிளினிக்கில் நின்றபோதுதான் பேராச்சி வந்தாள். பேராச்சி பொறியாளர். கைப்பிடிகள் மட்டும் செய்கிறவள். ஊன்றுகோல், குக்கர், தையல் மிஷின் சக்கரம், பல் துளைக்கும் கருவி என்று மனிதக் கை எதையெல்லாம் பிடிக்கிறதோ அதையெல்லாம் இன்னும் சௌகரியமாகப் பிடிக்க வைப்பது அவள் தொழில்.

“என்ன டாக்டர் இது, நெத்தியில?”

“முன்னாள் புருஷன்.”

“அடிச்சாரா?”

“பந்தத்தான் அடிக்கப் போனான். நடுவுல நான் இருந்தேன். ரெண்டு பேரும் வாயத் திறக்கல.”

பேராச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கண்கள் பளபளத்தன. “டாக்டர், வாயே வேண்டாம்னா?”

“எப்படி?”

“ரெண்டு மட்டைக்கும் கைப்பிடியில நான் ஒரு தோல் சுத்தித் தாரேன். பாத்தா சாதாரண கிரிப் மாதிரிதான் இருக்கும். ஆனா அண்ணாச்சி கை எந்த இடத்துல இறுகுதோ, அதே இடத்துல உங்க கிரிப்பும் உங்க கையை அமுக்கும். அடிக்கப் போற ஆளுக்கு அடிக்கறதுக்கு முன்னாலயே விரல் இறுகும்லா? அது உங்களுக்குத் தெரிஞ்சிரும். நீங்க விட்டுக் குடுத்திரலாம். உங்களது அவியளுக்கும் அப்படியே தெரியும். இணைப்பிடின்னு பேர் வச்சிருக்கேன்.”

“அழுத்தம் மட்டுந்தான் போகுமா?”

“அழுத்தம் மட்டுந்தான்” என்றாள் பேராச்சி. சொல்லும்போது தன் கைப்பையில் எதையோ தேடினாள்.

மாநிலச் சங்கம் சோதனை அனுமதி கொடுத்தது. ஒரே நிபந்தனை: அவர்களுடைய எல்லா ஆட்டத்துக்கும் ஒரே நடுவர்தான் உட்காருவார், கடைசியில் அந்தக் கைப்பிடி நியாயமானதா என்று அவர் அறிக்கை எழுத வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த ஃபிலோமினா டீச்சரை அந்த வேலைக்குப் போட்டார்கள். நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கோட்டுக்கு ஒரு நூல் வெளியே விழுந்த பந்தையும் விட்டுவைக்காதவர்.

பயிற்சியின் முதல் நாள், சொர்ணலதா மட்டையைப் பிடித்ததும் ‘ஐயோ’ என்று கீழே போட்டாள். யாரோ உள்ளங்கையைப் பிடித்தமாதிரி இருந்தது. பக்கத்தில் கருணாகரனும் மட்டையைக் கீழே போட்டிருந்தான். மறுபடி எடுத்தார்கள். ஆட ஆரம்பித்தார்கள்.

பத்து நிமிடத்தில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பின்னால் நிற்கும் கருணாகரன் ஓங்கப் போகிறான் என்பது, அவனே ஓங்குவதற்கு முன்னால் அவளுடைய சுண்டுவிரலுக்குத் தெரிந்தது. அவள் குனிந்தாள், தலைக்கு மேலே பந்து விர்ரென்று போனது. அவள் வலைக்கு அருகே மெதுவாகத் தட்ட நினைத்தாள். நினைப்பு முடிவதற்குள் அவன் காலியான இடத்துக்கு ஓடி வந்துவிட்டான். நான்கு கையும் நான்கு காலும் உள்ள ஒரே பிராணி களத்தில் குதித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எதிரே ஆடிய இரண்டு இளைஞர்கள் இருபத்தொன்றுக்கு நான்கு என்று தோற்று, “இது அழுகுணி ஆட்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொர்ணலதா வியர்வை வழிய, காரணமில்லாமல் மூன்று முறை தன்னைத்தானே சுற்றினாள். கருணாகரன்கூடப் பல் தெரியச் சிரித்தான். மேல் வரிசையில் இடது பக்கம் ஒன்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போட்டி தொடங்கியது. முதல் சுற்று திருநெல்வேலி உள்ளரங்கில். உயர்ந்த நாற்காலியில் ஃபிலோமினா டீச்சர் உட்கார்ந்து, கணீரென்ற குரலில், “லவ் ஆல், ப்ளே” என்றார்.

சொர்ணலதாவின் உள்ளங்கையில் ஏதோ குதித்தது.

டுப், டுப், டுப், டுப். அவள் மட்டையைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கருணாகரனைப் பார்த்தாள். அவன் சட்டென்று பார்வையைத் தாழ்த்திச் காலில் எறும்பு கடித்தவன்போல ஷூவைப் பார்த்தான். நாடித் துடிப்பு அவளுக்குப் புதிதல்ல. ஊசி போடுவதற்குமுன் தினமும் பத்துப் பேருடைய மணிக்கட்டைப் பிடிப்பவள். இது நூற்றிருபதுக்குக் குறையாது. ஆட்டமோ இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். அடுத்ததையும். ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் அந்தத் துடிப்பு வந்தது. அவள் சர்வீஸ் போட நிற்பாள். அவன் அவளுக்குப் பின்னால் நிற்பான். டுப் டுப் டுப். என்ன கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. பதினோரு வருடம் வாய் திறக்காத மனிதன் இப்போது கையால் பேசுகிறான்.

அதற்கப்புறம் பல் டாக்டர் சொர்ணலதாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. கிளினிக்கில் பாட்டு முணுமுணுத்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, “நல்லா சிரிங்க, சிரிச்சாத்தான் அழகு” என்று அறுபது வயது லாரி உரிமையாளரிடம் சொன்னாள். இனிப்பு சாப்பிடக்கூடாது என்று யாரிடமும் சொல்ல மறந்தாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் புது ஷூ வாங்கினாள். அவனை மறுபடி கட்டிக்கொள்ளும் எண்ணம் அவளுக்கு இருந்ததா என்றால், அதை அவள் யோசிக்கவே இல்லை. தன்னைப் பார்த்து ஒரு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்பதே போதுமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அது சாதாரண விஷயமா?

இதற்கிடையில் பேராச்சியைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காரர், பையன் வண்டி ஓட்டும்போது வீட்டில் அம்மா இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்றார். ஒரு பயிற்சி மையத்தார், பரீட்சை எழுதும் பிள்ளையின் பேனாவையும் அப்பாவின் பேனாவையும் இணைக்க முடியுமா என்று கேட்டார். கல்யாணத் தகவல் மையம் நடத்தும் ஒரு அம்மாள் இரண்டு காப்பி டம்ளரோடு வந்துவிட்டார். “பொண்ணு பாக்கப் போற இடத்துல மாப்பிள்ளை கையில ஒண்ணு, பொண்ணு கையில ஒண்ணு. அஞ்சு நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிரும்” என்றார். பேராச்சி எல்லாரிடமும், போட்டி முடியட்டும் என்றாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கருணாகரன் அவளுடைய பட்டறைக்கு வந்தான். வாசலிலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

“ஏம்மா, அந்தக் கிரிப்புல ஒரு பக்கத்த மட்டும் அடைக்க முடியுமா?”

“எந்தப் பக்கம் அண்ணாச்சி?”

“எனக்கு வாரத. சொர்ணா கை துடிக்கி. நான் அவ பக்கம் திரும்பிட்டா இன்னும் கூடத் துடிக்கி.”

“ஆட்டத்துல நெஞ்சு துடிக்கத்தானே செய்யும்?”

“அது எனக்குத் தெரியாதா? இது வேற. இது கல்யாணத்துக்கு முன்னால துடிச்ச துடிப்பு.” அவன் நெற்றியைத் துடைத்தான். “எனக்குப் பயமா இருக்கும்மா.”

பேராச்சி கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தாள். “அண்ணாச்சி, உங்க துடிப்பும் அவங்களுக்குப் போகுது.”

கருணாகரன் அங்கே கிடந்த தோல் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டான். “அழுத்தம் மட்டுந்தான்னு சொன்னியே?”

“நாடியும் அழுத்தந்தான் அண்ணாச்சி. விரல் அசையறதுக்கு முன்னால வார அந்தச் சின்ன இறுக்கத்த அனுப்பணும்னா நாடியும் சேர்ந்துதான் போகும். அத வடிகட்டினா இதுவும் செத்துரும். எனக்கு முதல்லயே தெரியும். சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டியன்னு சொல்லல.”

அவன் தோல் நுனி ஒன்றை எடுத்து விரலில் சுற்றினான். பிறகு, “என் துடிப்பு அவளுக்கு இல்லம்மா” என்றான். எழுந்து போய்விட்டான். பேராச்சி அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் மட்டும் வேறு.

இறுதி ஆட்டத்தில் எதிரணி சேலத்துத் தம்பதி. முதல் செட்டைத் தூத்துக்குடி எடுத்தது. இரண்டாவதைச் சேலம் எடுத்தது. மூன்றாவதில் ஒன்பதுக்கு ஒன்பது என்று நிற்கும்போது, தொடர்ந்து கத்தியதில் ஃபிலோமினா டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருக்க, சர்வீஸ் நடுவராக இருந்த வழுக்கைத் தலைப் பெரியவர் கொஞ்ச நேரம் அவருக்காக ஸ்கோர் சொன்னார்.

சொர்ணலதாவின் கை அமைதியாக இருந்தது. முதலில் அவள் கவனிக்கவில்லை. பத்துக்கு ஒன்பது. அமைதி. பத்துக்குப் பத்து. குளத்துத் தண்ணீர்போல அமைதி. கருணாகரன் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறான். மஞ்சள் ஷூ அவன் கண்ணுக்கு எதிரேதான் மின்னுகிறது. கைப்பிடி பழுதாகிவிட்டதோ என்று அவள் அழுத்திப் பார்த்தாள். அவன் பதிலுக்கு அழுத்தினான். பழுதில்லை.

அப்போது ஃபிலோமினா டீச்சர் குரலைச் சரிசெய்துகொண்டு, “லெவன் – டென்” என்றார்.

டுப் டுப் டுப் டுப்.

சொர்ணலதா மட்டையோடு அப்படியே நின்றாள். ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கு வருகிறவள் அல்ல அவள். நாற்காலியை நிமிர்ந்து பார்த்து, “டீச்சர், ஸ்கோர் என்ன?” என்றாள்.

“லெவன் – டென்.”

டுப் டுப் டுப்.

“யாருக்குப் பதினொண்ணு டீச்சர்?”

“உங்களுக்குத்தான்.”

டுப்டுப்டுப்டுப்டுப். கருணாகரனின் நெஞ்சு கைப்பிடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்போல இருந்தது.

“சர்வீஸ் யாரு டீச்சர்?”

“மேடம், ஆட்டத்தத் தாமதப்படுத்தறீங்க” என்று டீச்சர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். கண்டிப்பான அந்தக் குரலுக்கு அவன் கை கிறங்கியே போனது.

முதலில் அவளுக்கு வெட்கம் வந்தது. காதிலிருந்து கழுத்துவரை சூடாக இறங்கியது. காலில் கிடந்த ஷூவை அங்கேயே கழற்றி எறிய வேண்டும்போல இருந்தது. லாரி உரிமையாளரிடம் சொன்னது, முணுமுணுத்த பாட்டு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து அவளைக் கிள்ளின. நான்கைந்து பந்துகளை எப்படி ஆடினாள் என்றே தெரியவில்லை. பின்னால் திரும்பினாள். கருணாகரன் திருடப்போய் மாட்டிக்கொண்டவனைப்போல விழித்துக்கொண்டு நின்றான். ஆறடி மனிதன், கப்பலையே அசைப்பவன், ‘யாருக்குப் பதினொண்ணு’ என்பதற்குப் பதில் கேட்டு இந்தப் பாடு படுகிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடக்கினாள். அடக்கிய சிரிப்பு உள்ளங்கையில் போய்க் குலுங்கியது. அது கைப்பிடி வழியாக அவன் கைக்குப் போனது. என்ன ஏது என்று தெரியாமலே அவனும் கிளுக் என்றான். அந்தக் கிளுக் திரும்பி அவளுக்கு வந்தது. அதற்குப் பிறகு யாராலும் எதையும் நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே அவள் அடித்த ஒரு அடி வலையில் தட்டி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. சிரித்துக்கொண்டே அவன் போட்ட ஸ்மாஷில் சேலத்துக்காரர் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. பார்வையாளர்களுக்கும் ஏனென்று தெரியாமல் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பத்தொன்பதுக்கு இருபது. கடைசிப் பந்து நிதானமாக உயர்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கியது. யார் அடிக்கப் போகிறார்கள் என்று கை சொல்லவேண்டிய நேரம். கையில் வந்ததெல்லாம் சிரிப்பு மட்டுமே. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, பந்து ஒரு பூவைப்போலத் தரையில் உட்கார்ந்தது.

தோற்ற ஜோடி அப்படிச் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்து, ஜெயித்த சேலத்துத் தம்பதி, தங்களைக் கேலி செய்கிறார்களோ என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே சொர்ணலதா பேராச்சியைப் பிடித்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“ஏட்டி, உனக்குத் தெரியும்லா?”

“தெரியும் டாக்டர்.”

“பத்து நாளா நான் ஆடுன ஆட்டம் என்னன்னு தெரியுமா உனக்கு? களத்துல இல்ல, மனசுக்குள்ள. என் கைய நீ கேட்டா வாங்கின? அவன் நெஞ்சக் கேட்டா எடுத்த?”

பேராச்சி தலை குனிந்தாள். “சொல்லிருக்கணும் டாக்டர். இது இவ்வளவு தூரம் போகும்னு நான் நினைக்கல. பேனா, டம்ளர், வண்டின்னு எல்லாரும் கேக்காங்க. அவங்க யாருக்கும் கைப்பிடி வேண்டாம் டாக்டர். அடுத்தவங்க நெஞ்சு வேணும்.”

“குடுக்கப் போறியா?”

பேராச்சி மறுநாள் காலை சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள்: இந்தக் கைப்பிடி அழுத்தத்தோடு நாடியையும் கடத்துகிறது, அதை நான் மறைத்தேன், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். டம்ளர் அம்மாளிடம் அன்றைக்கே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பைக் கம்பெனிக்காரர் மட்டும் விடாமல் இன்றைக்கும் போன் செய்கிறார், அவள் எடுப்பதில்லை. ஃபிலோமினா டீச்சரின் அறிக்கை நான்கே வரி. ‘கைப்பிடியால் ஆட்டம் மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இறுதிப் புள்ளியில் இரண்டு ஆட்டக்காரர்களும் பந்தை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தனர். காரணம் விளங்கவில்லை. நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.’

தூத்துக்குடிக்குத் திரும்பும், தானாக ஓடும் ஓட்டுநரில்லாத மினி பஸ்ஸில் சொர்ணலதா வேண்டுமென்றே கருணாகரனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

“டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லு” என்றாள்.

அவன் வெளியே பார்த்தான். வல்லநாடு மலை போனது. உப்பளம் வந்தது. இறங்கும்போது, “எப்படிச் சொல்ல?” என்றான். அவ்வளவுதான். நல்ல மனிதன், ஆனால் இவனோடு பதினோரு வருடம் எப்படிக் குப்பை கொட்டினோம் என்று அவளுக்கு மறுபடி ஆச்சரியமாக இருந்தது. கூடவே, உடம்பு லேசானதுபோலவும் இருந்தது. மஞ்சள் ஷூவை அவள் தூக்கிப் போடவில்லை. காலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கிளினிக்கில் ஃபிலோமினா டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். பல் வலியாம்.

“பாளையங்கோட்டையில பல் டாக்டரே இல்லையா டீச்சர்?”

“இருக்காங்க” என்றார் டீச்சர். “நீங்க நல்லாப் பாப்பீங்கன்னு சொன்னாங்க.”

“யாரு?”

டீச்சர் அவசரமாக வாயைத் திறந்துகொண்டார். சொர்ணலதா விளக்கை இழுத்து, கண்ணாடியை விட்டு, முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழகான வரிசை. ஒரு சொத்தை இல்லை, ஒரு கீறல் இல்லை. பழக்கத்தில் இடது கை டீச்சருடைய மணிக்கட்டைப் பிடித்தது. எழுபத்திரண்டு. அருமையான நாடி.

“மழை வரும்போல இருக்கு” என்றாள் சொர்ணலதா. எழுபத்திரண்டு.

“சேலத்துக்காரங்க கோப்பைய வாங்கிட்டுப் போய்ட்டாங்க.” எழுபத்து நான்கு.

“எங்க கருணாகரன் இருக்கான்லா...”

டுப் டுப் டுப் டுப் டுப்.

சொர்ணலதா மணிக்கட்டை விடவில்லை. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் பேசினாள். “குறட்டை விடுவான். ஊறுகா ஜாடிய மூட மாட்டான். கேட்ட கேள்விக்கு மூணு நாள் கழிச்சுப் பதில் சொல்லுவான். ஆனா ஒரு பொய் சொன்னது கிடையாது. ஒருத்தரையும் மனசு நோக விட்டது கிடையாது. பேசத்தான் தெரியாது.” விரலுக்கடியில் ஒரு குதிரை ஓடியது. நூற்று முப்பது இருக்கும். திறந்த வாயோடு ஃபிலோமினா டீச்சர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“வாயக் கொப்பளிங்க டீச்சர்.”

கொப்பளித்தார். “என்ன டாக்டர், பிடுங்கணுமா?”

“இன்னிக்கு முடிவு சொல்ல முடியாது. திங்கக்கிழமை பத்தரைக்கு வர முடியுமா? இன்னொரு தடவ பாக்கணும்.”

டீச்சர் வருவதாகச் சொல்லிப் போனார். படியில் இறங்கும்போது கடைசி இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்ததைச் சொர்ணலதா ஜன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். மறுமுனையில் காற்றின் இரைச்சல் கேட்டது. பன்னிரண்டு மாடி உயரத்துக் காற்று.

“திங்கக்கிழமை பத்தரைக்குக் கிளினிக்குக்கு வா” என்றாள்.

“எதுக்கு?”

“பல் பாக்கணும்.”

“எனக்குப் பல் வலியே இல்லையே.”

“வரும். நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வா” என்று சொல்லிவிட்டு, சொர்ணலதா முன்பதிவுத் திரையில் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு எதிரே இரண்டு பெயர்களையும் பதிந்தாள். அந்த நேரத்துக்கு ஒருவருக்குத்தான் இடம் உண்டு என்று திரை சிவப்பாக எச்சரித்தது. அவள் ‘பரவாயில்லை’ என்பதைத் தட்டினாள்.